மோட்டார் கொட்டாயில் மூன்றாம் நாள்

நேற்றுச் சாயங்காலம் நான் வைத்த சாப்பாட்டுக் கேரியர் வைத்த இடத்திலேயே இருந்தது.

மோட்டார் கொட்டாயின் தண்ணீர்த் தொட்டிச் சுவர். கேரியர் மூடி திறக்கப்படவில்லை. எறும்பு வரிசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தம்பி கலைவேந்தன் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கிறான். கல்யாணமாகி இரண்டு வருடம். குழந்தை வேண்டி திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறான். மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் கயிறு, கோயில் மண்டபத்தில் படுக்கை. அடுத்த வெள்ளிக்கிழமை தீ மிதித்துக் கயிறு அவிழ்க்கும் வரை அவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

காப்புக் கட்டிய மறுநாள் காலையில் அவன் மனைவி அருள்மொழி தூரமாகிவிட்டாள், மாதவிலக்கு. காப்பு வீட்டில் மட்டுமில்லை, காப்புக் கட்டிய ஊருக்குள்ளேயே தூரமான பெண் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அம்மா ஒரு பாயும் குடமும் இரண்டு புடவையும் கொடுத்து, ஊர் எல்லைக்கு வெளியே கரும்புக் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டாய்க்கு அனுப்பிவைத்தாள். இரவுத் துணைக்கு, கொல்லையில் வேலை செய்யும் ராமாயி. விடிந்ததும் அவள் களை எடுக்கப் போய்விடுவாள்.

சோறு கொண்டுபோகும் வேலை எனக்கு. என் மனைவி செல்வகுமாரி இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. அதனால் எனக்குக் காப்பு கிடையாது, கோயிலும் கிடையாது. நான் எங்கே போனாலும் யாருக்கும் குற்றமில்லை.

எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரின் முகம் பார்த்துப் பேசமாட்டாள். கேரியரை வைத்துவிட்டு மூடியில் இரண்டு தட்டுத் தட்டுவேன். உள்ளேயிருந்து ஓர் இருமல் வரும். திரும்பிவிடுவேன். இரண்டு நாளாக இதுதான் எங்கள் பேச்சு.

இன்று தட்டினேன். இருமல் வரவில்லை. மறுபடி தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது. அது இருமல் மாதிரி இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து விட்ட மாதிரி இருந்தது.

நான் வீட்டுக்குப் போனேன்.

அம்மா பெயர் காசம்மாள். அடுப்பங்கரையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து ஈரக் கொண்டை.

"நேத்து சோறு அப்படியே கெடக்கு" என்றேன்.

"தூரமானா வயித்த வலிக்கும். பசிக்காது. கம்பெனிக்குக் கெளம்பு."

"நீ வந்து ஒரு வார்த்த கேளும்மா."

"காப்பு வூட்டு வெளக்க ஏத்திட்டு அங்க போயி நிக்கச் சொல்றியா? உனக்கு இன்னா, படிச்சவன். சாமி குத்தமாயிட்டா யாரு பதில் சொல்றது?"

"பதினஞ்சு நாள் தள்ளித்தான வந்திருக்கு?"

முறம் நின்றது.

"ஆம்பளப் புள்ள இதெல்லாம் எதுக்குடா கேக்கற?"

"காலண்டர்ல இருக்கும்மா."

உரக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர். அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மருமகள்களின் நாளைப் பென்சிலால் குறித்துவைப்பாள். கோயில், படையல், கல்யாணம் என்று எதற்கு யார் வர முடியும் என்று பார்ப்பதற்கு. மூத்தவளுக்கு வட்டம், இளையவளுக்குப் பெருக்கல் குறி. இந்த வருடக் காலண்டரில் வட்டம் இல்லை. பெருக்கல் குறி ஏப்ரல் பதினாலில் இருந்தது. வருஷப்பிறப்பு அன்றைக்கு அருள்மொழி கோயிலுக்கு வரவில்லை. மே பன்னிரண்டையொட்டி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது மே இருபத்தேழில் ஒரு குறி.

"தள்ளிப் போச்சி, வந்துட்டுது. அந்தப் பையன்தான் புள்ள தங்கிடிச்சின்னு ஆசயா இருந்தான். இன்னா பண்றது?" அம்மா மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். "எனக்கெல்லாம் உன்ன வயித்துல வச்சிருந்தப்பவே மூணு மாசம் தூரமாச்சி. நாத்து நட்டுக்கினுதான் இருந்தேன். நீ பொறக்கல? பொம்பளன்னா வரும், போவும்."

இதே வார்த்தைகளைப் போன செப்டம்பரிலும் சொன்னாள்.

செல்வகுமாரிக்குப் பன்னிரண்டு நாள் தள்ளி வந்தது. நான்காம் நாள் காலையில் தோள்பட்டை வலிக்கிறது என்றாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். மதியம் பாத்ரூமில் விழுந்தாள். வண்டி கடலூர் ரோட்டைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. கரு கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் குழாயிலேயே தங்கியிருக்கிறது. குழாய் கிழிந்து ரத்தமெல்லாம் வயிற்றுக்குள் போயிருக்கிறது. வெளியே வந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் நாங்கள் தூரம் என்று நினைத்தோம்.

தள்ளிப்போய் ரத்தம் வந்தால் அதை மாதவிலக்கு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், முதலில் கர்ப்பமா என்று சோதியுங்கள் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன்.

கொல்லைக்குத் திரும்பி நடந்தேன். கம்பெனிக்கு லீவு சொல்லவில்லை.

கொட்டாய்க் கதவு ஒருக்களித்திருந்தது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். எதிரில் கரும்பு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டேன்.

"தோள்பட்ட வலிக்குதா?"

கரும்பைப் பார்த்தபடியே மறுபடி கேட்டேன்.

"அருள்மொழி. நான்தான் கேக்கறேன். வாயத் தொறந்து சொல்லு. தோள்பட்ட வலிக்குதா?"

"இல்ல மாமா."

அவள் குரலை இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை.

"மயக்கம்?"

"எழுந்தா வருது. அடிவயிறு ஒரு பக்கமா இழுக்குது."

"எவ்ளோ போவுது?"

மூன்று நாளாக இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ராமாயிகூடக் கேட்டிருக்க மாட்டாள். கேட்க வேண்டியவர்களுக்கெல்லாம் விரதம்.

"நேத்து நாலு பேடு. காத்தாலருந்து ரெண்டு. கட்டி கட்டியாவும் போச்சு."

"டெஸ்ட் கார்டு போட்டுப் பாத்தியா?"

பக்கத்துக் கொல்லையில் யாரோ மோட்டார் போட்டார்கள்.

"போட்டேன் மாமா. காப்புக் கட்டுறதுக்கு மொத நாளு. ரெண்டு கோடு வந்துச்சு."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"அவருகிட்ட தீமிதி அன்னிக்கி சொல்லலாம்னு இருந்தேன். மறாநாளே இப்டி ஆயிடுச்சி. அத்த தூரம்னு சொன்னாங்க. சரின்னு வந்துட்டேன்." அழுகையை அடக்கினாள். "தூரம்னா நாலு நாளு வெளிய இருந்தா போச்சி. கரு கலஞ்சிடுச்சின்னா அது வூட்டுத் தீட்டு மாமா. அவரு காப்ப அறுக்கச் சொல்லிடுவாங்க. புள்ள வேணும்னு காப்புக் கட்டி, அந்தக் காப்புலயே புள்ள போச்சுன்னு ஊரு பேசும். அத அவரு தாங்கமாட்டாரு. அதான்."

நான் திரும்பினேன். பாயில் சுருண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் குடம். முகத்தில் நிறமே இல்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுக்கப் போனாள். கை வரவில்லை.

"கலஞ்சிடுச்சான்னு உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பாத்தாதான் தெரியும். கெளம்பு."

"அவரு..."

"அவனுக்கு நான் சொல்லிக்கறேன்."

எங்கள் ஊரில் மூன்று ஆட்டோ. மூன்று டிரைவருக்கும் காப்பு. அவர்களில் வீரமணிக்குப் போன் செய்தேன். "எல்லையத் தாண்டக் கூடாதுண்ணா, மதகு வரைக்கும் வேணா வரேன்" என்றான். பாகூர் ஸ்டாண்டில் நிற்கும் ஆன்டோ என்ற டிரைவரின் நம்பர் கொடுத்தான். ஆன்டோ அரியாங்குப்பத்துக்காரன்.

கால் மணி நேரத்தில் கொல்லை வழிக்கே வந்துவிட்டான். அருள்மொழியைத் தூக்கி உட்கார வைத்தேன். அவளை நான் தொட்டது அதுதான் முதல் முறை. இருவருமே அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"இன்னா சார், உங்க ஊர்ல எவனுமே வண்டி ஓட்டமாட்டானா?" என்றான் ஆன்டோ.

"எல்லாருக்கும் காப்பு."

"எனக்கு ஒரு சாமிதான். அவரும் ஞாயித்துக்கெழமதான் கூப்புடுவாரு." கண்ணாடியில் அருள்மொழியைப் பார்த்தான். அப்புறம் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. பள்ளம் பார்த்து ஓட்டினான்.

மெயின் ரோடு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"கோயில்ல. ஏன்ணா?"

"அருள்மொழிய ஆஸ்பத்திரிக்கு அழச்சிட்டுப் போறேன். அது தூரமில்ல. டெஸ்ட் கார்டுல ரெண்டு கோடு வந்திருக்கு. இப்ப ரத்தம் போவுது."

மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா," என்றான். "அண்ணி மாதிரியா?"

"தெரியலடா."

பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவில் கவுண்டர் பெண் பெயர், வயது, ஊர் எழுதிக்கொண்டாள்.

"நீங்க ஹஸ்பெண்டா?"

"இல்ல. மூத்தார்."

"வீட்டுக்காரர் எங்க?"

"காப்புக் கட்டியிருக்கான்."

அவள் பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உறவு என்ற இடத்தில் 'சகோதரர்' என்று எழுதிக்கொண்டாள். உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்ச். போன செப்டம்பரில் நான் உட்கார வேண்டியிருந்த பெஞ்ச் இப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்கு உட்கார நேரமில்லாமல் போயிற்று. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மூன்று முறை படித்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண். அருள்மொழிக்குக் கையில் ஊசி ஏறியிருந்தது. சொட்டு மருந்து போய்க்கொண்டிருந்தது.

"யார் இவங்கள மூணு நாளா பீரியட்ஸ்னு படுக்க வச்சது?"

"நாங்கதான்."

சண்டைக்குத் தயாராக வந்தவர் மாதிரி இருந்தார். நான் ஒப்புக்கொண்டதும் குரல் இறங்கியது.

"கர்ப்பமா இருக்கிறப்ப பீரியட்ஸ் வராது. ரத்தம் வரலாம். ரெண்டும் வேற வேற. நாலு பேருல ஒருத்தருக்கு முதல் மூணு மாசத்துல கொஞ்சமாவது படும். அதுல பாதிக்கு மேல குழந்தை நல்லபடியாவே பொறக்குது. ஆனா எது நல்லபடி, எது ஆபத்துன்னு வீட்ல உக்காந்து சொல்ல முடியாது. புரியுதா?"

"இவளுக்கு?"

"கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. குழாய்ல இல்ல."

நான் தலையாட்டவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது. பை தெரிகிறது. பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கிறது. நாள் கணக்குக்கு ஆறு வாரம் தாண்டியிருக்கிறது. இதயத் துடிப்பு இன்னும் தெரியவில்லை. இந்த வாரத்தில் தெரியாமலும் இருக்கலாம். துடிப்பே இல்லாமலும் இருக்கலாம்.

"அடுத்த வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு மறுபடி ஸ்கேன். அதுக்கு முன்னாடி நானும் சொல்ல முடியாது. ரத்தம் கம்மியா இருக்கு இவங்களுக்கு. நல்லா சாப்பிடணும். குடம் தூக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துல ரெண்டு பேடு நனஞ்சாலோ, தோள் வலிச்சாலோ, மயங்கினாலோ எந்த நேரமா இருந்தாலும் உடனே வரணும்."

"இன்னிக்கே அனுப்பிடுவீங்களா?"

"சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். ரத்தம் கொறஞ்சிட்டு வருது. தனியா இருக்கக் கூடாது. யார் பாத்துப்பாங்க?"

அருள்மொழி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "மாமா, வூட்டுக்குள்ள வுடுவாங்களா?"

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஆன்டோ காத்திருந்தான். வேறு சவாரிக்குப் போகவில்லை.

எங்கள் ஊர் எல்லை ஒரு மதகு. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அந்தப் பக்கம் வேப்பிலைத் தோரணம். தோரணத்துக்கு உள்ளே கலைவேந்தன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. பக்கத்தில் அம்மா. ஆட்டோ மதகுக்கு இந்தப் பக்கமே நின்றது. நான் இறங்கினேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். நடுவில் நாலு அடி.

"இருக்குதா?" என்றான்.

"உள்ளதான் இருக்கு" என்றேன். "உயிரு இருக்குதான்னு வெள்ளிக்கெழமதான் தெரியும்."

அவன் மஞ்சள் கயிற்றில் விரலை நுழைத்தான்.

"டேய், அறுக்காதடா!" அம்மா அவன் கையைப் பிடித்தாள். "சாமி விசயத்துல வெளயாடாத."

"வுடும்மா. இவளக் கொட்டாயில போட்டுட்டு நான் யாருக்கு நெருப்பு மிதிக்கறது?"

"அறுக்காதீங்க." ஆட்டோவுக்குள்ளிருந்து அருள்மொழி சொன்னாள். அம்மாவின் எதிரில், என் எதிரில் அவள் புருஷனோடு சத்தமாகப் பேசியது அன்றுதான். "நீங்க கட்டினத நீங்க முடிங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நான் கொட்டாய்க்கும் போவல, வூட்டுக்கும் வரல. பூரணாங்குப்பத்துக்குப் போறேன், எங்கம்மா வூட்டுக்கு."

கலைவேந்தன் மதகின் விளிம்பு வரைக்கும் வந்தான்.

"வெள்ளிக்கெழம ஸ்கேன் எத்தினி மணிக்குண்ணா?"

"காலைல பத்து."

"தீமிதி சாயங்காலம் ஆறு மணிக்கு." கயிற்றைப் பார்த்தான். "இன்னா வந்தாலும் உடனே எனக்குப் போன் பண்ணணும். நல்லதோ கெட்டதோ. நடந்து முடிக்கட்டும்னு எவனாவது மறச்சீங்க, அப்புறம் உங்க யாரு மூஞ்சிலயும் முழிக்கமாட்டேன்." அருள்மொழியைப் பார்த்து, "உனக்குத்தான்டி மொதல்ல சொல்றேன்" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

அம்மா என்னிடம் வந்தாள். மதகைத் தாண்டி வந்துவிட்டதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அது தூரமில்லன்னு டாக்டரே சொன்னாங்களா?"

"சொன்னாங்க. புள்ள வயித்துல இருக்கும்போது தூரமே கெடையாதாம்மா."

"அப்ப எனக்கு வந்தது?"

"அதுவும் ரத்தம்தான். நாம ரெண்டு பேரும் தப்பிச்சோம்."

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டோவில் காலை வைத்தாள்.

"நவுருடி."

"அத்த?" என்றாள் அருள்மொழி.

"உங்கம்மா விடிஞ்சா மீன் விக்கப் போயிடும். உனக்கு யாரு கஞ்சி வச்சிக் குடுக்கறது? நவுரு."

"ம்மா, காப்பு வூட்டு வெளக்க யாரு ஏத்தறது?" கலைவேந்தன் தோரணத்துக்குள்ளிருந்து கத்தினான்.

"உனக்குக் கை இல்ல? நீ ஏத்து."

ஆன்டோ வண்டியைக் கிளப்பினான். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தாள். குனிந்தேன்.

"அந்தப் பொண்ணையும் இப்டி அழச்சிக்கினு போயிருந்தா..."

முடிக்கவில்லை. எட்டு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் ஆரம்பிக்காத வாக்கியம். நான் முடித்தேன்.

"பொழச்சிருப்பாம்மா. நீயும் கேக்கல, நானும் கேக்கல."

அம்மா அழவில்லை. என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே சாய்ந்தாள். அருள்மொழியின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். தூரம், தீட்டு எதுவும் சொல்லவில்லை.

ஆட்டோ திரும்பியது. பூரணாங்குப்பம் போகும் ரோடு மோசம். மரங்களுக்குப் பின்னால் வண்டி மறைந்த பிறகும் அம்மாவின் குரல் கேட்டது.

"மெதுவாப் போப்பா. பள்ளம் பாத்து, மெதுவா."